எரிக் ராஜாவின் மகள்களும் எங்கள் வீட்டுக் காதுகுத்தும்

ஆகஸ்ட் 20, புதன்

இந்நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள், அக்கா. பாப்பா இப்போதுதான் கண்ணை மூடினாள். பகலில் பேனாவைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொள்கிறாள். இதை உனக்கு அனுப்பப் போவதில்லை. யாருக்கும் காட்டவும் போவதில்லை. ஆனாலும் உன்னைக் கூப்பிட்டால்தான் எழுத வருகிறது. அம்மா போனதிலிருந்து நீ என் போனை எடுக்கவில்லை. மெசேஜ் போட்டால் நீல டிக் மட்டும் விழுகிறது. ஏன் என்றே தெரியாமல் ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது.

நல்ல வெயில். மழையே இல்லை. பட்டாசு காயப்போடுகிறவர்களுக்குக் கொண்டாட்டம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பிரஸ்ஸில் இரண்டு மிஷினும் நிற்காமல் பட்டாசு லேபிள். சாப்பாட்டுத் தட்டில்கூட மை வாடை.

நாளைக்கு: கேப்பை திரிக்கணும். பாப்பாவின் தடுப்பூசி அட்டையைத் தேடணும். டென்மார்க் பாகம் முடிக்கணும்.

டென்மார்க் என்றால், என் வேலை. சென்னையில் வரலாற்றை ஆடியோவாகப் போடும் ஒரு கம்பெனி இங்கிலீஷில் அனுப்புகிறது, நான் தமிழில் எழுதித் தருகிறேன். எம்.ஏ. ஹிஸ்டரிக்கு இதாவது கிடைத்ததே. இப்போது வந்திருப்பது எரிக் என்ற டென்மார்க் ராஜாவின் குடும்பம். பதின்மூன்றாம் நூற்றாண்டு. ஏர் ஒன்றுக்கு இவ்வளவு என்று வரி போட்டவன். தம்பி ஆபெல் வீட்டுக்கு விருந்தாளியாகப் போனவனைப் பிடித்து, படகில் ஏற்றிக் கொண்டுபோய், தலையை வெட்டித் தண்ணீரில் போட்டுவிட்டார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது என்று சத்தியம் செய்துவிட்டுத் தம்பி ராஜா ஆனான். எரிக்குக்கு மிஞ்சியது நான்கு பெண் பிள்ளைகள். ஒருத்தி ஸ்வீடனுக்கு, ஒருத்தி நார்வேக்கு, கடைசி இரண்டு பேரும் கன்னிமாடத்துக்கு.

இதற்கு இங்கிலீஷில் பெரிய வார்த்தை இருக்கிறது. 'மண உறவுக் கூட்டணி' என்று எழுதி அடித்தேன். என் வீட்டுக்காரர் கதிர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன், நம்ம ஊருல சொல்லுத மாதிரி லோடுக்குக் கட்டிக்கொடுத்தாகன்னு எழுதேன்" என்றார். சிரித்துவிட்டேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

அப்பா செத்தபிறகு நம் வீட்டுக்கு அண்ணன்தான் ராஜா. உன்னை ஆனைக்குட்டத்து லாரிக்காரர்களுக்குக் கொடுத்தான், பட்டாசு லோடுக்கு லாரி கிடைக்கும் என்று. என்னை ஆமத்தூர் ரோட்டில் பிரஸ் வைத்திருப்பவர்களுக்குக் கொடுத்தான், லேபிளுக்கு. அவனோ பட்டாசுக் கம்பெனிக்காரர் வீட்டிலேயே பெண் எடுத்து, அந்தக் கம்பெனிக்கே லோடும் லேபிளும் பார்க்கிறான். மேப் போட்டுக் காட்டலாம்.

இந்த டைரி அவன் கம்பெனி புத்தாண்டுக்குக் கொடுத்தது. அட்டையில் ராக்கெட் படம். இதில்தான் அவனைப் பற்றி எழுதுகிறேன். அதில் ஒரு சந்தோஷம்.

ஆகஸ்ட் 21, வியாழன்

அ. வந்தான். (அண்ணன். இனி முழுதாக எழுதிக் கை வலிக்க வேண்டாம்.) நேராக பிரஸ்ஸுக்குள்.

"மாப்பிள்ளை, லேபிளு எம்புட்டு ஓடியிருக்கு?"

"பாதி முடிஞ்சது மச்சான். சனிக்கிழமை ஒரு லோடு அனுப்பிருதேன்," என்றார் கதிர்.

பாப்பாவைத் தூக்கினான். அவளும் போனாள், கழுதை. அவன் சங்கிலியைப் பிடித்து இழுத்தாள்.

"ஏ மருமகளே. மாமன் மடியில உக்காந்துதான காது குத்தணும்? மேளம், சீர்த்தட்டு எல்லாம் எம் பொறுப்பு மாமா," என்று என் மாமனாரிடம் திரும்பினான். "கம்பெனிக்காரக குடும்பத்தோட வாராக. அவுக முன்னால ஒரு வார்த்த சொல்லிரப் போறேன், இவ எம் மகனுக்குத்தான்னு."

மாமா சிரித்தார். ஆர்டர் தருகிறவனிடம் சிரிக்கும் சிரிப்பு. "பிள்ள இன்னும் பால்குடி மறக்கலையே தம்பி."

"இப்பமேவா கட்டச் சொல்லுதேன்? சொல்லி வைக்கிறதுதான."

சீசன் சமயத்தில் யார் எதிர்த்துப் பேசுவார்கள். கதிர் ஒரே பிள்ளை. எங்களுக்கு இவள் ஒருத்தி. இவளை அவன் மகனுக்கு என்று பத்துப் பேர் முன்னால் சொல்லிவிட்டால், இரண்டு மிஷினும் கட்டிங் மிஷினும் இவள் பின்னாலேயே அவன் வீட்டுக்குப் போகும். டென்மார்க்கிலும் தொட்டில் பிள்ளைகளுக்குத்தான் சம்பந்தம் பேசுவார்களாம்.

அவன் போனதும் அத்தை, மாமியார், வாசலைக் கழுவிவிட்டபடியே சொன்னது: "செருப்பக் கழட்டத் தெரியாதவனுக்கு மருமக கேக்குதாம்."

அத்தை வாயிலிருந்து எனக்குப் பிடித்த முதல் வார்த்தை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பா.வுக்குக் (பாப்பாவும் இனி பா.தான்) காலையிலிருந்து காய்ச்சல். தொட்டுத் தொட்டுப் பார்த்து என் கையே சூடாகிவிட்டது, எது அவள் சூடு என்று தெரியவில்லை. மருந்தைத் துப்புகிறாள். கஞ்சியைத் துப்பவில்லை.

மத்தியானம் ஒரு பெரிய சத்தம். எந்தப் பட்டாசு ஆலையோ என்று தெருவில் எல்லோரும் வெளியே வந்து போனைக் காதில் வைத்தோம். யார் யாரோ யார் யாரையோ கூப்பிட்டார்கள். ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல்லுக்கு வைத்த வெடி என்று தெரிந்ததும் உள்ளே போய் விட்ட வேலையைப் பார்த்தார்கள். 

காய்ச்சலில் கிடந்த பிள்ளையின் காதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு சின்னக் காது. அதற்குள் எத்தனை பேர் கணக்கு.

சாயங்காலம் வேர்த்து இறங்கிவிட்டது.

மொழிபெயர்ப்பு (மெ.பெ.) ஒரு வரிகூட ஓடவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

எழுத முடியுமா தெரியவில்லை. 

காதுகுத்துப் பத்திரிகைக்குப் புரூப், சரிபார்க்கும் மாதிரித் தாள், எடுத்திருந்தார் கதிர். அ. வந்து பார்த்தான். மேலே அவன் போட்டோ. 'தாய்மாமன்' என்று கொட்டை எழுத்தில் அவன் பெயர். பாப்பாவின் பெயர் அதற்குக் கீழே. "போட்டோவ இன்னுங் கொஞ்சம் பெருசாக்குங்க மாப்பிள்ளை" என்று சொல்லி, புரூப்பில் ஓகே எழுதிக் கையெழுத்தும் போட்டான். தன் ஆட்களுக்குக் கொடுக்க ஒரு கட்டைத் தனியாகக் கட்டி அடுத்த வார லேபிள் லோடோடு அனுப்பச் சொன்னான்.

நான் கேட்டேன்: "அக்கா பேரும் போடணும். பெரியம்மான்னு."

போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எந்த அக்கா?"

"எனக்கு எத்தன அக்கா இருக்கா?"

"அவ வரமாட்டா தாயி. அத அன்னைக்கே முடிச்சுவிட்டேன்ல."

"என்னத்த முடிச்ச?"

"அம்மாவ எதுக்கு எடுத்தன்னு பஸ்டாண்டுல நின்னு போன்ல கத்துனா. தங்கச்சிதான் எடுக்கச் சொன்னா, பச்ச உடம்புக்காரி, ரொம்ப நேரம் போட்டு வைக்க வேண்டாம்னு சொல்லிட்டான்னேன். அம்புட்டுதான், வாய அடச்சுட்டா. உனக்கு நல்லதுதான் செஞ்சேன். இல்லைன்னா இங்கன வந்து நிப்பா. பெறகு ஆனைக்குட்டத்துக்காரகளுக்கு யாரு பதில் சொல்லுதது? இன்னைக்கும் எனக்கு லோடு ஏத்துதது அவுக லாரிதான."

கோபமாகச் சொல்லவில்லை. பாசமாகத்தான் சொன்னான். காப்பி குடித்துவிட்டுப் போனான்.

அக்கா, ஒன்றரை வருஷமாக நீ என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பது இதுதானா.

நடந்ததை எழுதுகிறேன். பாப்பாவைப் பெற்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. தையல் இழுக்க இழுக்க ஆட்டோவில் வந்தேன். அம்மாவை வாசலில் பெஞ்சில் போட்டிருந்தார்கள். அக்கா திருப்பூரிலிருந்து ஏறிவிட்டாள், மதுரை தாண்டிவிட்டாள், கொஞ்சம் பொறு என்று அவன் கையைப் பிடித்துச் சொன்னேன். "பச்ச உடம்பு, உள்ள போ" என்று பெண்களைக் கொண்டு உள்ளறைக்கு அனுப்பினான். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது கொட்டுச் சத்தம் மாறியது. தூக்குவதற்கு முன்னால் அடிக்கும் அடி. எழுந்து ஓடப் பார்த்தேன். கதவை வெளியே இருந்து யாரோ பிடித்துக்கொண்டார்கள். சத்தம் தெரு தாண்டிப் போனது. நீ பஸ்ஸை விட்டு இறங்கும்போதே நம் வீட்டு வாசலில் தண்ணீர் தெளித்தாயிற்று; நீ பஸ்டாண்டிலிருந்தே திரும்பிவிட்டாய்.

நான் அன்றைக்கு அழுதது அம்மாவுக்காக மட்டும் இல்லை. இன்றைக்கு அழவில்லை.

அவன் கெட்டுப்போக வேண்டும் என்று நேர்ந்துகொள்ளப் போவதில்லை. நன்றாக இருக்கட்டும். கம்பெனிக்காரர் பக்கத்தில் பட்டு வேட்டியோடு உட்காரட்டும். உட்கார்ந்திருக்கும்போது நடக்க வேண்டும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தண்ணீர் வந்தது. எல்லாக் குடமும் பிடித்தாயிற்று. பா. நன்றாகச் சாப்பிட்டாள்.

நார்வேக்குப் போன மகள் பெயர் இங்கெபோர்க். நேற்றிலிருந்து அவள் நினைப்புத்தான். கன்னிமாடத்தில் தங்கியிருந்தவளை நார்வே ஆட்கள் வந்து கூப்பிட்டார்கள். டென்மார்க்கில் பேச்சு முடியட்டும் என்று சொல்லியும் காத்திருக்கவில்லை, கையோடு கப்பல் ஏற்றிவிட்டார்கள். கொன்றது ஒரு சித்தப்பன் என்றால், அவளுடைய அப்பன் சொத்தைக் கண்ணில் காட்டாமல் வைத்துக்கொண்டது இன்னொரு சித்தப்பன் வழி. அவள் விடவில்லை. புருஷன் சட்டம் எழுதுகிற ராஜா, சமாதானக்காரர். கதிர் மாதிரி. அவர் இருந்தவரை பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அவர் போனபிறகு, அவள் பெற்ற பையன்கள் காலத்தில் நார்வேக் கப்பல்கள் டென்மார்க் கரைக்குப் போய் அடித்தன. அம்மாவின் பங்கைக் கேட்டு.

மூத்தவள் சோஃபியா, ஸ்வீடன் ராணி. கன்னிமாடத்திலிருந்து வெளியே வந்த தங்கச்சி அவள் அரண்மனைக்கு வர, ராஜா அந்தத் தங்கச்சியோடேயே சேர்ந்துவிட்டான். அக்காளும் தங்கச்சியும் அதோடு சரி. இந்த இடத்தை மெ.பெ. செய்யப் பிடிக்கவில்லை. கம்பெனிக்கு ஒரு வரியில் எழுதி முடித்தேன். நான்கு பேரும் ஒரே பக்கம் நின்றிருந்தால் மூன்று தேசம் ஆட்டம் கண்டிருக்கும். நிற்க விடவில்லை.

இங்கெபோர்க் பையன்கள் வளரும்வரை காத்திருந்தாள். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. கப்பலும் இல்லை. பிரஸ் இருக்கிறது.

ஆகஸ்ட் 25, திங்கள்

கதிரிடம் சொன்னேன். பத்திரிகையில் தாய்மாமன் மடி என்ற வரியை எடுக்கணும். 'பெரியம்மா முத்துலட்சுமி மடியில்' என்று போடணும். பிள்ளை உன் மடியில் உட்கார்ந்தால், 'இவ எம் மகனுக்கு' என்று அவன் எந்த உரிமையில் எழுந்து நின்று சொல்வான்?

கதிர் நெடுநேரம் நகத்தில் இருந்த மையைச் சுரண்டினார்.

"செல்வி, நீ சொல்லுதது நியாயம்தான். சீசன் முடியட்டும். பேசிக்கிடலாம்."

நான் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். லாரிக்காரன் கையை முறித்துவிட, அக்கா வயிற்றுப் பிள்ளையோடு வீட்டுக்கு வந்தபோது, அண்ணனும் இதே வார்த்தைதான் சொன்னான், சீசன் முடியட்டும். அன்றைக்குச் சாயங்காலமே அவர்கள் லோடு லாரியிலேயே முன்சீட்டில் ஏற்றித் திருப்பி அனுப்பினான். சீசன் முடிந்தபோது வயிற்றில் பிள்ளை இல்லை. அதோடு அவனை விட்டுத் திருப்பூருக்குப் போனவள்தான் அக்கா.

கதிருக்கு இது தெரியாது. எழுந்துபோய்க் கை கழுவினார்.

அத்தை அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். மாமாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள்.

மாமாவுக்கு ஆர்டரைவிட வேறு ஒன்றுதான் பெரிதாகப் பட்டது. "ஓகே போட்ட புரூப்புத்தா. அதுல ஒரு புள்ளி மாத்துனாலும் நாளைக்கு எவன் நம்மள நம்பி வேலை தருவான்?"

உண்மைதான். இந்த ஊரில் அது சத்தியத்துக்குச் சமம். ஓகே ஆன கட்டை யாரும் பிரித்துக்கூடப் பார்க்கமாட்டார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அத்தை: "யாரு வீட்டுக் காதுகுத்து?"

"நம்ம வீட்டுதுதான்."

"பத்திரிகை யாரு அடிக்கச் சொன்னது?"

"நாமதான்."

"பெறகு அவன் யாரு ஓகே போட? கல்யாணத்துக்கு வந்தவன் மாப்பிள்ளைக்குக் கையெழுத்துப் போட்டா செல்லுமா? வேற புரூப்பு எடுங்க. நீங்க ஓகே போடுங்க."

மாமா யோசித்தார். முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. அவர் சத்தியம் அவரிடமே இருந்துவிட்டது. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தத் தம்பி பேர எந்த சைஸுல போட?"

"சொந்தக்காரக வரிசையில கடைசியா. கண்ணாடி போட்டா தெரியணும், அம்புட்டுப் போதும்."

அத்தைக்கு என்மேல் பாசம் வந்துவிட்டது என்று நினைக்கவில்லை. பேத்தியையும் மிஷினையும் விட்டுக்கொடுக்க மனசு இல்லை. அது போதும் எனக்கு.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

கதிரே பிளேட் போட்டார். நான் பா.வை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். முதல் தாள் வந்து விழுந்தது. மேலே பாப்பா பெயர். நடுவில் உன் பெயர், மஞ்சளில், ஊர் திருப்பூர் என்று. ஈரம் காய்வதற்குள் தொட்டுவிட்டேன், கட்டைவிரலில் உன் பெயரின் பாதி ஒட்டிக்கொண்டது. மாமா திட்டினார்.

அவனுடைய கட்டைத் தனியாக, நன்றாக, பிரவுன் தாளில் சுற்றிக் கட்டினேன். முடிச்சு நானே போட்டேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

நேற்று பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை மாவு கட்டியாகிவிட்டது, அத்தை ஒன்றும் சொல்லவில்லை. ஆச்சரியம்.

இன்றைக்கு லேபிள் லோடு ஏற்றினார்கள். வந்தது ஆனைக்குட்டத்து லாரி. உன்னை ஏற்றிக் கொண்டுபோன அதே லாரிதானா தெரியாது. பெயிண்ட் புதுசு. முன்சீட்டில், டிரைவர் பக்கத்தில், பத்திரிகைக் கட்டை வைத்தேன்.

"பத்திரமாக் கொண்டு போங்கண்ணே."

"நம்ம முதலாளி வீட்டு விசேஷமுல்லா," என்றார் டிரைவர்.

லாரி திருப்பத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். இவ்வளவு நிம்மதியாக இந்தத் தெருவில் நான் நின்றதில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

அத்தையோடு ஆசாரி கடைக்குப் போனேன். தோடு செய்யக் கொடுத்தாயிற்று. சிவகாசி பஸ்ஸில் கூட்டம், பா. யாரோ ஒருவர் பூவைப் பிய்த்துத் தின்றுவிட்டாள். வாந்தி வருமோ என்று வழியெல்லாம் பயம். வரவில்லை.

ஆசாரியிடம் கேட்டேன், தாய்மாமன் இல்லாமல் பெரியம்மா மடியில் வைத்தால் குத்துவீர்களா என்று. கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"எனக்கு மடி வேணும்மா. பிள்ள அசையாம இருக்கணும். மாமன்மாரு பாதிப் பேரு ரத்தத்தப் பாத்ததும் அவுகளே அசைஞ்சிருதாக."

அத்தை பஸ்ஸில் இதை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

ஆகஸ்ட் 30, சனி

வெடித்துவிட்டது.

நேற்றுச் சாயங்காலமே அவன் கட்டைப் பிரிக்காமல் டிரைவர் கையில் கொடுத்து வீடு வீடாக அனுப்பியிருக்கிறான். முதல் பத்திரிகை கம்பெனிக்காரர் வீட்டுக்கு. அவர் வாசித்துவிட்டு மருமகனைக் கூப்பிட்டுக் கேட்டாராம்: "தாய்மாமன்னு சொன்னீக, உங்க பேரத் தேட வேண்டியிருக்கு. யாரு இந்த முத்துலட்சுமி? எங்ககிட்ட ஒரு தங்கச்சிதான்னு சொன்னீக?"

கேட்டாயா அக்கா. நீ செத்துவிட்டதாகக்கூட அங்கே சொல்லவில்லை. பிறக்கவே இல்லை என்று சொல்லியிருக்கிறான்.

இன்றைக்குக் காலையில் வந்தான். வாசலில் நின்றே கத்தினான். தெருவே வேடிக்கை பார்த்தது.

"ஏலே மாப்பிள்ளை, ஓகே போட்ட புரூப்ப மாத்துவியாலே? இனிமே ஒரு லேபிளு ஓடாது இந்த மிஷினுல."

கதிர் ஒரு படி பின்னால் போனார். ஆனாலும் சொன்னார். "எங்க பத்திரிகைக்கு எங்க அப்பா ஓகே போட்டாக மச்சான். பாக்குதீகளா, தாளு இருக்கு."

"எவ குடுத்த தைரியம்?" என்னைப் பார்த்தான்.

"அம்மா குடுத்தது," என்றேன். "அன்னைக்கு நீ அவசரமாத் தூக்கிட்டுப் போனேல்ல. அதுக்கு முன்னாலயே எங்கிட்டக் குடுத்துட்டா."

திட்டம் போட்டுச் சொன்னது இல்லை. தானாக வந்தது. அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.  பா. அவன் சங்கிலிக்குக் கை நீட்டினாள், அவன் வாங்கவில்லை.

போகும்போது நின்று திரும்பினான். இப்போது கத்தவில்லை. "அவ வரமாட்டா. தெரியும்ல உனக்கு? கோயில்ல அம்புட்டுப் பேரு முன்னால மடியில்லாம நிக்கப் போற. அப்ப எங்கிட்டதான் வருவ. நான் வந்து உக்காருவேன். எம் மகனையும் கூட்டிட்டு வருவேன்."

இதுதான் விஷயம். அவன் சொன்னது வெறும் மிரட்டல் இல்லை. லேபிள் வேலை நின்றுவிட்டது. ஒரு மிஷின் மத்தியானத்திலிருந்து சும்மா கிடக்கிறது. அதைக்கூடத் தாங்கிக்கொள்வார்கள். ஆனால் அன்றைக்கு மடி காலியாக இருந்தால் மாமாவே அவனைக் கூப்பிடுவார். பிள்ளை அவன் மடியில் ஏறும். அவன் எழுந்து நின்று அந்த ஒரு வார்த்தையைச் சொல்வான். என் மகளுக்கும் லோடு ஏறிவிடும்.

காலையில் எழுந்து இந்தப் பக்கங்களைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பப் போகிறேன். யாருக்கும் காட்டப் போவதில்லை என்று முதல் நாள் எழுதியதை அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும். போன சனிக்கிழமை எழுதியதை மட்டும் இரண்டு முறை படி. நான் எடுக்கச் சொல்லவில்லை, அக்கா. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கத்திக்கொண்டிருந்தேன்.

காதுகுத்து ஆவணிக் கடைசி ஞாயிறு, காலையில், கதிர் வீட்டுக் குலசாமி கோயில். ஆமத்தூரில் இறங்கினால் கதிர் வந்து நிற்பார். பட்டு ஒன்றும் வேண்டாம், பருத்திச் சேலை கட்டிக்கொண்டு வா, இவள் நழுவமாட்டாள். உன் கை இப்போது எப்படி இருக்கிறது, இவளைத் தூக்க முடியுமா? ஆள் கனம்.

வருகிறாயா இல்லையா என்று சீக்கிரம் பதில் போடு.